எழுத்துக்கு எது வயது?
நர்ஸரிப் பள்ளியும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

மே மாதம் பிறந்துவிட்டால் நம் மஹல்லாக்களில் ஒரே பரபரப்பு. எந்தப் பள்ளியில் மனுப் போட்டாயிற்று, எங்கே இடம் கிடைத்தது, எவ்வளவு கட்டச் சொன்னார்கள், மூன்று வயது நிறைய இரண்டு மாதம் குறைகிறதே சேர்த்துக் கொள்வார்களா என்று கல்யாண வீட்டிலும் இதே பேச்சு, மையித்து வீட்டிலும் இதே பேச்சு. பேச்சுக்குரிய பிள்ளையோ இன்னும் உம்மாவின் மடியை விட்டே இறங்கியிருக்காது.

"இப்போதே போட்டால்தான் பின்னால் தாக்குப் பிடிக்கும்" என்பார் ஒருவர். "தொட்டிலிலிருந்து கபுரு வரை கல்வி தேடச் சொல்லி ஹதீதே இருக்கிறதே" என்று ஆதாரம் காட்டுவார் இன்னொருவர். இரண்டாமவருக்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம். இப்படி ஒரு வாக்கியம் மேடைகளிலும் சுவர்க் காலண்டர்களிலும் வழங்குகிறது. கருத்து நல்லதுதான். ஆனால் ஹதீதுக் கலை அறிந்த இமாம்கள் இதை நபிமொழியாக ஏற்கவில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லாத ஒன்றை அவர்கள் சொன்னதாகச் சொல்வது எவ்வளவு பெரிய பழி என்பது நமக்குத் தெரியும். அதையும் ஒரு பச்சைப் பிள்ளையின் தோளில் புத்தகப் பையை மாட்டுவதற்காகச் செய்யலாமா?

அப்படியானால் மார்க்கம் என்னதான் சொல்கிறது? முறையான கல்வியை எந்த வயதில் தொடங்குவது? அதற்கு முந்திய வருடங்களை என்ன செய்வது? நர்ஸரி என்பது தேவைதானா? இதைப் பொறுமையாகப் பார்ப்போம்.

ஏழு என்னும் எல்லை

பிள்ளைகளுக்கு ஏழு வயதாகும்போது தொழுகையை ஏவ வேண்டும், பத்து வயதில் தவறினால் கண்டிக்க வேண்டும், படுக்கைகளையும் பிரித்துவிட வேண்டும் என்ற கருத்தில் வரும் ஹதீது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. நம்மில் இதைக் கேளாதவர் இல்லை. ஆனால் இதில் உள்ள கணக்கை நின்று பார்த்தவர் குறைவு.

தொழுகை தீனின் தூண். ஷஹாதத்துக்கு அடுத்த கடமை. அப்பேர்ப்பட்ட தொழுகையைக் கூட ஏழு வயதுக்கு முன் ஏவும்படி பெற்றோருக்குச் சொல்லப்படவில்லை. ஏழிலும் ஏவல்தான், கண்டிப்பு இல்லை. கண்டிப்பு பத்தில்தான் வருகிறது. இடையில் மூன்று வருடம். பிறைக் கணக்கில் வருடத்துக்கு 354 நாள் என்று வைத்தால் 1,062 நாள். வேளைக்கு ஒரு தடவை சொன்னாலும் 5,310 தடவை. ஐயாயிரம் தடவைக்கு மேல் அன்பாகச் சொன்ன பிறகுதான் முகத்தைச் சுளிக்கவே அனுமதி! நம் வீட்டில் ஐந்தாவது தடவையே குரல் ஏறிவிடுகிறது.

இங்கே ஏழு என்பது பிறை வருடக் கணக்கு என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஆங்கிலக் கணக்கில் அது ஆறு வருடமும் ஏறத்தாழ ஒன்பதரை மாதமும் ஆகும்.

ஏன் ஏழு? இந்தப் பருவத்துக்கு ஃபிக்ஹு நூல்களில் 'தம்யீஸ்' என்று பெயர். பகுத்தறியும் பக்குவம் என்று சொல்லலாம். தானே உண்டு, தானே பருகி, தானே சுத்தம் செய்துகொள்ளும் பிள்ளை 'முமய்யிஸ்'. ஹனஃபி மத்ஹபில் ஆண் பிள்ளை தாயின் பராமரிப்பில் இருக்கும் காலத்தை ஏழு வயது வரை என்று இந்த அளவை வைத்தே கணித்தார்கள். ஷாஃபி மத்ஹபிலும் தாய் தந்தை பிரிந்துவிட்டால் யாரோடு இருப்பது என்று பிள்ளையிடமே கேட்பது தம்யீஸுடைய வயதில்தான். ஆக, ஏழுக்கு முந்திய காலம் தாய்மடியின் காலம் என்பதில் நம் இமாம்களுக்குள் பெரிய பேதம் இல்லை. அந்த மடியிலிருந்து பிள்ளையை எடுத்து ஒரு பெஞ்சில் உட்கார வைக்கும்போது, அதற்கு ஈடாக என்ன கொடுக்கிறோம் என்ற கேள்விக்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும்.

ஐந்து வயதும் ஒரு வாளித் தண்ணீரும்

இதைக் கேட்டு, "அப்படியானால் ஏழு வயது வரை பிள்ளை ஒன்றுமே கற்க வேண்டாமா?" என்று கேட்கலாம். அதுவும் இல்லை.

இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் தமது ஸஹீஹில் கல்வியைப் பற்றிய பாகத்தில், சிறு பிள்ளை ஒன்றைக் கேட்டது எப்போது செல்லும் என்று ஒரு தனிப் பாடமே அமைத்திருக்கிறார்கள். அதில் மஹ்மூத் இப்னு ரபீஉ (ரலி) அவர்களின் செய்தி வருகிறது. நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு வாளியிலிருந்து வாயில் தண்ணீர் எடுத்து விளையாட்டாகத் தம் முகத்தில் உமிழ்ந்தது தமக்கு நினைவிருக்கிறது என்றும், அப்போது தமக்கு ஐந்து வயது என்றும் அவர்கள் அறிவிக்கிறார்கள். அல்லாஹ்வின் தூதர் ஒரு சிறுவனோடு தண்ணீர் விளையாடினார்கள். அவன் கிழவனான பிறகும் அந்த ஈரம் நினைவில் இருந்தது. அது ஸஹீஹுல் புகாரீயில் ஹதீதாகவும் ஏறிவிட்டது!

இந்த ஒரு செய்தியை வைத்து ஹதீதுக் கலையில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. ஹிஜ்ரி 643ல் மறைந்த இமாம் இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்கள் அதைக் குறித்து வைத்திருக்கிறார்கள். ஹதீது மஜ்லிஸுக்குப் பிள்ளைகளையும் அழைத்து வருவார்கள். வந்தவர் பெயரை எழுதும்போது, ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன பிள்ளையானால் 'ஸமிஅ' – கேட்டார் – என்று எழுதுவார்கள். ஐந்துக்குக் கீழ் என்றால் 'ஹளர' – ஆஜராக இருந்தார் – என்று எழுதுவார்கள். எழுதிவிட்டு இமாமவர்கள் இன்னொன்றும் சொல்கிறார்கள்: வயதைக் கொண்டு எல்லாரையும் ஒன்றாக அளக்காமல் ஒவ்வொரு பிள்ளையின் நிலையையும் தனித்தனியே பார்ப்பதே முறை.

நர்ஸரியைப் பற்றி எத்தனையோ புத்தகங்கள் வந்துவிட்டன. இந்த இரண்டு சொல்லைப் போல் விஷயத்தை முடித்துக் கொடுத்தது எதுவுமில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஐந்துக்குக் கீழ் பிள்ளை 'ஆஜராக' இருக்க வேண்டும். நல்ல சபையில், நல்ல சத்தத்தில், நல்ல மனிதர் மத்தியில் இருக்க வேண்டும். அதனிடம் பாடம் கேட்கக் கூடாது. ஐந்துக்கு மேல் அது 'கேட்கும்'. காதால் பிடித்துக் கொள்ளும். ஏழில் ஏவலாம்.

காதால் பிடித்துக் கொள்வது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு அம்ரு இப்னு ஸலமா (ரலி) அவர்களே சாட்சி. இதுவும் புகாரீயில் உள்ளது. பிரயாணிகள் கடந்து செல்லும் ஒரு நீர்த்துறையில் அவர்களின் கூட்டத்தார் வசித்தார்கள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டுக் கேட்டே இந்தச் சிறுவர் குர்ஆன் வசனங்களை நெஞ்சில் பதித்துக் கொண்டார். மக்கா வெற்றிக்குப் பின் கூட்டத்தார் இஸ்லாத்துக்கு வந்தபோது, அவர்களில் அதிகம் குர்ஆன் தெரிந்தவரைத் தேடினால் இவர்தான். வயது ஆறோ ஏழோ! அவரையே இமாமாக நிறுத்தினார்கள். போர்த்தியிருந்த துணி குட்டை, ஸஜ்தாவில் விலகிவிடும். ஒரு பெண்மணி அதைச் சுட்டிக் காட்டவே, துணி வாங்கிச் சட்டை தைத்துக் கொடுத்தார்கள். அந்தச் சட்டையைப் பெற்றபோது அடைந்த சந்தோஷத்தைப் போல வேறெதற்கும் தாம் சந்தோஷப்பட்டதில்லை என்று அவர்களே சொல்கிறார்கள். இமாமத் கிடைத்ததை விடச் சட்டை கிடைத்ததில் மகிழ்ந்தார். ஏனென்றால் அவர் பிள்ளை. (பருவமடையாதவரின் பின் ஃபர்ளைத் தொழுவது ஷாஃபி மத்ஹபில் கூடும், ஹனஃபியில் கூடாது என்பது வேறு மஸ்அலா.)

இதற்கு முன் எந்த மக்தபிலும் அவர் உட்காரவில்லை. சிலேட்டு இல்லை, காயிதா இல்லை. இருந்ததெல்லாம் காதும் ஆசையும்தான்.

சிறு பிள்ளைகளிடம் நாயகம் (ஸல்) அவர்கள் எப்படி இருந்தார்கள் என்று பாருங்கள். வளர்த்த சிட்டுக்குருவி செத்துப்போய் வாடியிருந்த அபூ உமைரை, 'அபூ' என்ற பெரிய மனிதப் பட்டத்தோடு கூப்பிட்டுக் குருவியைப் பற்றி விசாரித்தார்கள். ஸதகாப் பேரீச்சம் பழம் ஒன்றை ஹஸன் (ரலி) அவர்கள் குழந்தையாக இருக்கும்போது வாயில் போட்டதும், குழந்தைகளுக்குச் சொல்லும் சீ, சீ என்ற பாஷையிலேயே துப்பச் சொல்லி, நாம் ஸதகாவை உண்பவர்கள் இல்லை என்ற காரணத்தையும் சேர்த்துச் சொன்னார்கள். தட்டெங்கும் கைவிட்டுத் தின்ற உமர் இப்னு அபீஸலமா என்ற சிறுவருக்கு பிஸ்மி, வலக்கை, தன் பக்கத்தில் உள்ளதை உண்பது என்று மூன்றையும் சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே சொல்லிக் கொடுத்தார்கள். அது முதல் தம் உணவு முறை அப்படியே நிலைத்துவிட்டது என்கிறார்கள் அந்த ஸஹாபி. பேரப் பிள்ளை முதுகில் ஏறிக்கொண்டதால் ஸஜ்தாவை நீட்டினார்கள். பிள்ளை அழும் சத்தம் கேட்டால் தாயை நினைத்துத் தொழுகையைச் சுருக்கினார்கள். ஜமாஅத்தே காத்திருந்தது!

இவையும் பாடங்கள்தான். ஆனால் உட்கார வைத்து நடத்தியவை அல்ல. 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்று நாம் அடிக்கடி சொல்கிறோமே, அந்த ஐந்தில் வளைய வேண்டியது இதுதான். ஏ, பி, சி, டி ஐம்பதிலும் வளையும். முதியோர் கல்வியில் அறுபது வயதில் எழுத்துக் கற்றவர்கள் எத்தனை பேர்!

முன்னோர் சொன்ன முறை

ஹிஜ்ரி 505ல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் பிள்ளை வளர்ப்புக்கென ஒரு பகுதியே எழுதியுள்ளார்கள். குழந்தை பெற்றோரிடம் கொடுக்கப்பட்ட அமானிதம், அதன் உள்ளம் இன்னும் எதுவும் செதுக்கப்படாத மாணிக்கம் என்று தொடங்குகிறார்கள். மக்தபிலிருந்து வந்த பிள்ளையை நன்றாக விளையாட விட வேண்டும்; விளையாட்டைத் தடுத்து எப்போதும் பாடம் பாடம் என்று வதைத்தால் உள்ளம் செத்துவிடும், கூர்மை மழுங்கிவிடும், கடைசியில் தப்பிக்கத் தந்திரம் தேடும் என்று எச்சரிக்கிறார்கள். ஒன்பது நூற்றாண்டுக்கு முன் எழுதியது. நேற்று நம் தெருவைப் பார்த்து எழுதியது போலிருக்கிறது.

மருத்துவ மேதை இப்னு ஸீனா தமது 'கானூன்' நூலில் ஆறு வயதில் ஆசிரியரிடம் ஒப்படைக்கச் சொல்கிறார். அதையும் படிப்படியாகச் செய்ய வேண்டும், ஒரேயடியாகக் கட்டிப் போடக் கூடாது என்கிறார். இப்னு கல்தூன் (ரஹ்) தமது 'முகத்திமா'வில் கடுமை செய்தால் பிள்ளை பொய்யும் பாசாங்கும் கற்கும், அதுவே பின்னர் குணமாகிவிடும் என்று காரணத்தோடு விளக்குகிறார்.

நம் நாட்டில், குறிப்பாக உருது பேசும் குடும்பங்களில், நான்கு வருடம் நான்கு மாதம் நான்கு நாள் ஆனதும் 'பிஸ்மில்லாஹ்' சொல்லிக் கொடுக்கும் வழக்கம் உண்டு. இதற்கு ஹதீதில் ஆதாரம் இல்லை. சுன்னத்து என்று நம்பாமல், நாலு பேர் கூடி துஆச் செய்து இனிப்புக் கொடுத்தால் குற்றமில்லை. ஆனால் கவனியுங்கள்: அந்தப் பெரியவர்கள் கூட அன்றைக்குச் செய்தது ஒரே ஒரு வரியை வாயால் சொல்ல வைத்ததுதான். மறுநாள் வீட்டுப்பாடம் கொடுக்கவில்லை.

நர்ஸரி எப்படி வந்தது?

இனி நர்ஸரிக்கு வருவோம். 'கிண்டர்கார்டன்' என்ற பெயரை 1840ல் வைத்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஃபிரோபெல். குழந்தைகளின் தோட்டம் என்று அதற்குப் பொருள். பந்து, மரக்கட்டை, பாட்டு, செடி வளர்ப்பு ஆகியவைதான் அங்கே பாடம். அடுத்து இத்தாலிய மருத்துவப் பெண்மணி மரியா மாண்டிசோரி 1907ல் ரோம் நகரில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் தம் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அவர் 1939ல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். யுத்தம் காரணமாக நாடு திரும்ப முடியாமல் கொடைக்கானலிலும் இருந்து, 1946ல்தான் ஐரோப்பா திரும்பினார். அவருடைய வகுப்பில் பிள்ளை தண்ணீரைச் சிந்தாமல் ஊற்றப் பழகும், பொத்தான் போடும், பெருக்கும், உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவிப் பார்க்கும். தானே செய், தானே திருத்து என்பதே முறை. யோசித்தால் இது தம்யீஸுக்குத் தயார் செய்வதுதான்.

அந்தப் பெயரை எடுத்துக் கொண்டு நாம் செய்ததென்ன? முதல் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் சுருக்கி, பேபி கிளாஸ், எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று மூன்று துண்டாக்கி, மூன்று வயதுப் பிள்ளையின் கையில் பென்சிலைத் திணித்தோம். டை கட்டினோம். பரீட்சையும் வைத்தோம். ரேங்கும் போட்டோம்!

அந்தக் கையைப் பற்றி ஒரு விஷயம். மணிக்கட்டில் எட்டுச் சிறிய எலும்புகள் உண்டு. பிறக்கும்போது எட்டும் குருத்தாகவே இருக்கும். மூன்று வயதில் எலும்பாக மாறத் தொடங்கியிருப்பவை இரண்டு மூன்றுதான். ஆறு ஏழு வயதில்தான் ஏழு எலும்புகள் தெரியும். எட்டாவது ஒன்பது வயதுக்குப் பிறகுதான். இரண்டு வரிக்குள் அடங்க எழுது என்று மூன்று வயதுக் கையை அதட்டுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். அலிஃபை அரிசி மாவில் விரலால் இழுக்கட்டும். மணலில் பெரிதாக வரையட்டும். அது போதும்.

அதற்காக நர்ஸரியே வீண் என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் இப்ஸிலாண்டி என்னும் ஊரில், 1962ல் தொடங்கி ஏழை நீக்ரோ இனக் குடும்பங்களின் பிள்ளைகள் 123 பேரை எடுத்து ஒரு சோதனை நடந்தது. 58 பேருக்கு மூன்று, நான்கு வயதில் பாலர் பள்ளி. மற்ற 65 பேருக்கு இல்லை. நாற்பது வயது வரை இவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். பாலர் பள்ளிக்குப் போனவர்களில் உயர்நிலைப் படிப்பை முடித்தவர் அதிகம், சம்பாத்தியம் அதிகம், போலீஸில் பிடிபட்டவர் குறைவு. இதைக் காட்டித்தான் இன்று ஊரெங்கும் நர்ஸரி விளம்பரம் நடக்கிறது. விளம்பரத்தில் சொல்லாததைச் சொல்கிறேன். அந்தப் பள்ளி காலையில் இரண்டரை மணி நேரம்தான். ஐந்தாறு பிள்ளைக்கு ஓர் ஆசிரியை. இன்றைக்கு என்ன விளையாடப் போகிறாய் என்று பிள்ளையிடமே கேட்பார்கள். வாரம் ஒரு தடவை ஆசிரியையே வீட்டுக்குப் போய்த் தாயோடு உட்கார்ந்து பேசுவார். ஐம்பது பிள்ளைகளை ஓர் அறையில் அடைத்துக் காலை முதல் மாலை வரை 'ஏ ஃபார் ஆப்பிள்' சொல்ல வைத்துவிட்டு அந்தப் பலனை எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

சீக்கிரம் எழுத்துப் படித்தவன் முந்திவிடுவான் என்பதும் உறுதியில்லை. ஃபின்லாந்தில் ஏழு வயதாகும் வருடத்தில்தான் முறையான பள்ளி. அதற்கு முன் ஒரு வருடம் ஆயத்த வகுப்பு. இங்கிலாந்தில் ஐந்து. நியூஸிலாந்தில் ஐந்தில் வாசிக்கத் தொடங்கியவர்களையும் ஏழில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆராய்ச்சியில், பத்துப் பதினோரு வயதாவதற்குள் பிந்தியவர்கள் முந்தியவர்களை எட்டிப் பிடித்துவிட்டதைக் கண்டார்கள். நம் நாட்டுக் கல்வி உரிமைச் சட்டமும் (2009) ஆறு வயதிலிருந்தே கணக்கைத் தொடங்குகிறது. 2020ஆம் வருடத் தேசியக் கல்விக் கொள்கையும் மூன்று முதல் எட்டு வயது வரையுள்ளதை அஸ்திவாரப் பருவம் என்று தனியே பிரித்து, விளையாட்டு வழியே கற்பிக்கச் சொல்கிறது. அந்தக் கொள்கையின் மற்ற அம்சங்களைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயங்கள் உண்டு. இந்த ஒன்றில் குறை சொல்ல இடமில்லை.

யாருக்கு நர்ஸரி தேவை?

வீட்டில் பெரியம்மாவும் நன்னியும் இருந்து, முற்றமும் இருந்து, தெருவில் கூட்டாளிகளும் இருந்தால் அந்த வீடே நல்ல நர்ஸரி. ஆனால் எத்தனை பேருக்கு அந்த வீடு இருக்கிறது? மேலப்பாளையத்தில் முறத்தை மடியில் வைத்து விடிய விடியப் பீடி சுற்றும் தாய்க்கு, ஆம்பூரில் தோல் கம்பெனிக்கு ஓடும் தாய்க்கு, பட்டணத்து ஒற்றை அறையில் தனியாக இருக்கும் தாய்க்கு, 'பிள்ளையை மடியில் வைத்துக்கொள்' என்று உபதேசம் செய்வது எளிது. அந்தப் பிள்ளை செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு மூலையில் கிடப்பதை விட, நாலு பிள்ளைகளோடு அங்கன்வாடியில் பாட்டுப் பாடுவது ஆயிரம் மடங்கு மேல். 1975 அக்டோபர் 2ல் 33 வட்டாரங்களில் தொடங்கிய அந்தத் திட்டம் இன்று ஊருக்கு ஊர் பரவியிருக்கிறது. சத்துணவு, தடுப்பூசி, எடை பார்த்தல் எல்லாம் இலவசம். 'அது ஏழைகளுக்கு' என்று கௌரவம் பார்த்துக் கடன் வாங்கி நர்ஸரியில் கட்டுவதும், அதுவும் வட்டிக்கு வாங்கிக் கட்டுவதும் நம்மிடையே நடக்கிறது. இதில் என்ன பரக்கத்தை எதிர்பார்க்கிறோம்?

"மாற்று மதத்தவர் நடத்தும் பள்ளிக்கு அனுப்பலாமா?" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். பத்ரு யுத்தத்தில் பிடிபட்டவர்களில் மீட்புத் தொகை கொடுக்க இயலாதவர்களுக்கு, அன்ஸாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக் கொடுப்பதையே மீட்புத் தொகையாக நாயகம் (ஸல்) அவர்கள் ஆக்கினார்கள். முஸ்னத் அஹ்மதில் இது வருகிறது. கற்பித்தவர்கள் முஸ்லிம்கள் அல்லர். வஹீயை எழுதிய ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களும் இப்படி எழுதக் கற்றவர்களில் ஒருவர் என்கிறார் இப்னு ஸஅத். ஆகவே கல்வி யாரிடமிருந்து வருகிறது என்பது தடையல்ல. வணக்கம் சம்பந்தப்பட்ட பாட்டும் கைகூப்புதலும் வந்தால் மட்டும் நாம் பேசியாக வேண்டும். அரசாங்க அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில் பெற்றோர் சம்மதமின்றி மத போதனையிலோ வழிபாட்டிலோ பிள்ளையைக் கலந்துகொள்ளச் சொல்ல முடியாது என்று நம் அரசியல் சட்டத்தின் 28வது பிரிவு சொல்கிறது. பணிவாக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் பெரும்பாலான ஆசிரியைகள் புரிந்து கொள்கிறார்கள்.

அதே ஹதீதில் ஒரு பின்குறிப்பும் உண்டு. ஒரு நாள் ஒரு சிறுவன் அழுதுகொண்டே தந்தையிடம் வந்தான். வாத்தியார் அடித்துவிட்டார் என்றான். பத்ருக்குப் பழி வாங்குகிறானா அவன், இனி நீ அவனிடம் போகவே வேண்டாம் என்று அந்த அன்ஸாரித் தந்தை சொல்லிவிட்டார்! நாமோ, "தோல் உங்களுக்கு, எலும்பு எனக்கு" என்று சொல்லி உஸ்தாதின் கையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு வருகிறோம்.

இதை எழுதுகிறவனும் ஒரு காலத்தில் பள்ளிவாசல் மக்தபில் பிரம்போடு உட்கார்ந்தவன்தான். நான்கு வயது நிறையாத ஒரு பையனை அவன் வாப்பா கொண்டுவந்து விட்டார். சுபுஹு முடிந்ததும் மக்தப், எட்டரைக்கு நர்ஸரி, மாலையில் டியூஷன், மஃரிபுக்குப் பின் மறுபடி ஓதல். அலிஃபு ஜபர் அ, அலிஃபு ஜேர் இ என்று அவன் பக்கத்துப் பிள்ளையோடு பாடுவான். தனியே கேட்டால் விழிப்பான். நான் பிரம்பை அவன் மேல் போட்டதில்லை. பாய் மேல்தான் தட்டுவேன். அது பெரிய கருணை என்று நினைத்திருந்தேன். சில மாதம் கழித்து அவன் உம்மா சொல்லி அனுப்பினார்கள்: சுபுஹு பாங்கு காதில் விழுந்ததும் பிள்ளை போர்வையை இழுத்து மூடிக்கொண்டு வயிறு வலிக்கிறது என்று அழுகிறான்.

வயிற்றில் ஒன்றுமில்லை. பிறந்ததும் காதில் ஓதப்பட்ட அதே பாங்கு, நான்கு வயதில் அவனுக்குப் பயத்தின் சத்தமாகிவிட்டது. அதைச் செய்தது நான். பத்து வயதில் வர வேண்டிய கண்டிப்பை நான்கில் கொண்டுவந்து வைத்தால் இதுதான் நடக்கும். பத்து வயதில் கூட காயமில்லாமல், முகத்தைத் தவிர்த்து, பலன் தரும் என்றால் மட்டும் என்று ஃபுகஹாக்கள் எத்தனை கடிவாளம் போட்டிருக்கிறார்கள்!

அவனை மக்தபிலிருந்து நிறுத்தச் சொன்னேன். அவன் வாப்பாவுக்குச் சம்மதமில்லை. ஒரு வருடம் வீணாகிறதே என்று சங்கடப்பட்டார். உம்மா உறுதியாக இருந்துவிட்டார்கள். நன்னி இரவில் படுக்கையில் குல்ஹுவல்லாஹு சூராவைச் சொல்ல, அவனும் தூங்கும் வரை சொல்வான். வெள்ளிக்கிழமை வாப்பாவோடு ஜும்ஆவுக்கு வந்து பின் வரிசையில் நிற்பான், பாதியில் ஓடுவான், திரும்பி வருவான். ஆறு வயதுக்குப் பிறகு அவனே கேட்டு மக்தபுக்கு வந்தான். மற்றவர்கள் ஒன்றரை வருடம் எடுத்த காயிதாவை அவன் ஐந்து மாதத்தில் முடித்தான். பாங்கின் பயம் முழுவதும் போயிற்றா என்று கேட்டால், அதை நான் அவனிடம் கேட்கத் துணியவில்லை.

தாய்மார்களுக்குச் சில வார்த்தை

மூன்று வயதுப் பிள்ளைக்கு நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டியது பிஸ்மி, ஸலாம், அல்ஹம்துலில்லாஹ், படுக்கும்போது ஒரு துஆ. இவற்றையும் சொல்லிக் கொடுக்காதீர்கள். நீங்கள் சத்தமாகச் சொல்லுங்கள், போதும். நீங்கள் முஸல்லாவை விரிக்கும்போது அது குறுக்கே வந்து படுத்தால் கோபப்படாதீர்கள். அது 'ஆஜராக' இருக்கிறது. கதை சொல்லுங்கள்; யூனுஸ் நபி (அலை) அவர்களின் மீனும், ஸுலைமான் நபி (அலை) அவர்களின் எறும்பும், அப்ரஹாவின் யானையும் இருக்கும்போது கார்ட்டூன் எதற்கு? கதை தமிழிலேயே இருக்கட்டும். வீட்டில் பேசும் பாஷையில் ஆயிரம் சொல் தெரிந்த பிள்ளை, பின்னால் எந்தப் பாஷையையும் பிடித்துக் கொள்ளும். அரைகுறை இங்கிலீஷில் வீட்டிலும் பேசிப் பிள்ளையை ஊமையாக்காதீர்கள்.

நோன்பு நோற்கப் பழக்கிய ஸஹாபிப் பெண்மணிகள், பிள்ளை பசியால் அழும்போது கம்பளியில் செய்த பொம்மையைக் கொடுத்து நோன்பு திறக்கும் நேரம் வரை கவனத்தைத் திருப்பியதாக ருபைய்யிஉ (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இபாதத்துக்குப் பழக்கும் இடத்திலும் கையில் பொம்மை இருந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

நான்கு முதல் ஆறு வரை நர்ஸரியோ அங்கன்வாடியோ, நம் ஜமாஅத்தார் நடத்தும் பாலர் பள்ளியோ, அரை நாள் போகட்டும். அந்த வயதில் மக்தபும் தனியாக வேண்டாம். ஓதல் வீட்டில் காதால் நடக்கட்டும். ஆறைத் தாண்டியதும் காயிதாவைத் தொடங்குங்கள். ஏழில் தொழுகை. முதல் தடவை முஸல்லாவில் நிற்கும் நாளுக்கு ஒரு சட்டையும் தைத்துக் கொடுங்கள். அம்ரு இப்னு ஸலமா (ரலி) அவர்களுக்குக் கிடைத்த சந்தோஷம் அதற்கும் கிடைக்கட்டும்.

பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன் கட்டடத்தைப் பாருங்கள். 2004 ஜூலை 16ல் கும்பகோணத்தில் கூரை தீப்பிடித்து 94 பிள்ளைகள் கருகிப் போனதை மறந்துவிடாதீர்கள். படிக்கட்டு அகலமா, வாசல் இரண்டு உண்டா, சமையல் எங்கே நடக்கிறது, கழிப்பிடத்தில் தண்ணீர் வருகிறதா, சிறுநீர் கழித்தால் சுத்தம் செய்ய ஆயா இருக்கிறாரா என்று கேளுங்கள். பிரின்ஸிபால் அறையில் உட்கார்ந்து கட்டண விவரம் கேட்பதோடு திரும்பி விடாதீர்கள். ஒரு நாள் காலை பத்தரை மணிக்குச் சொல்லாமல் போய், மூன்று வயதுப் பிள்ளைகளின் வகுப்புக்கு வெளியே கொஞ்ச நேரம் நில்லுங்கள். சிரிப்பும் கத்தலும் பாட்டும் கேட்டால் உள்ளே போய் மனு வாங்குங்கள். நாற்பது பிள்ளைகள் இருந்தும் அங்கே சத்தமே கேட்கவில்லையென்றால், வந்த வழியே வீட்டுக்கு நடையைக் கட்டுங்கள்.